மேற்குப் பக்கத்துப் புல்வெளி

பசுந்தளிர் ரெசிடென்சியின் மேற்குப் பக்கத்து பால்கனிகளில் எதில் போய் நின்று பார்த்தாலும் மதில் சுவருக்கு அப்பால் கண்ணுக்கு எட்டிய தூரம் புல்வெளிதான் தெரியும். அந்தப் புல்வெளி இருக்கிற இடத்தில் நிஜத்தில் இரண்டு வரிசை லைன் வீடுகளும் ஒரு சோடாக்கடையும் ஒரு மாரியம்மன் கோயிலும் ஒரு கைப்பம்பும் இருக்கின்றன என்பது அங்கே குடியிருக்கிறவர்களுக்கெல்லாம் தெரியும், மதிலைச் சுற்றிக்கொண்டு கொஞ்சம் நடந்தால் அந்த வீதிக்குள் நுழைந்துவிடலாம் என்பதும் தெரியும், ஆனால் மாடியேறி வந்து பால்கனிக் கதவைத் திறந்தால் மறுபடி புல்வெளிதான். குழாயில் தண்ணீர் முறை வைத்து வருவதைப் பார்த்து எப்படி யாரும் மலைத்துப்போய் நிற்பதில்லையோ அப்படியே இதைப் பார்த்தும் இப்போது யாரும் மலைப்பதில்லை.

அந்தப் புல்லைப் போட்டவள் சாந்தாமணி. கோயமுத்தூரில் கணபதிப் பக்கம் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில் கம்ப்யூட்டர் போட்டு உட்கார்ந்து, பில்டர்கள் கொண்டுவந்து கொடுக்கிற வரைபடத்தை வாங்கி, தாளில் கோடாகப் படுத்துக் கிடக்கிற சுவர்களை நிமிர்த்தி நிற்கவைத்து, கதவு மாட்டி, ஜன்னல் திறந்து, சோபா போட்டு, சோபாவின் மேல் வெயிலும் போட்டு, வாங்க வந்தவர் கண்ணில் பெட்டி மாதிரி ஒரு கறுப்புக் கண்ணாடியை மாட்டிவிட்டால் அவர் இன்னும் அஸ்திவாரம்கூடத் தோண்டாத வீட்டின் ஹாலில் நடந்து, சமையலறையை எட்டிப்பார்த்து, பால்கனியில் நின்று பெருமூச்சு விட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போகிற மாதிரி செய்து தருவது அவள் தொழில். வாக்த்ரூ என்பார்கள். அந்தத் தொழிலில் யாரும் பொய் சொல்வதில்லை. பொய்க்கு அவசியமே வராதபடி சில வழக்கங்கள் உண்டு. கட்டிலைக் கொஞ்சம் சின்னதாகப் போட்டால் அறை பெரிதாகத் தெரியும். வாசலில் நிற்கிற டிரான்ஸ்பார்மரை வைக்க மறந்துவிடலாம். சாக்கடை எந்த வாக்த்ரூவிலும் ஓடியதில்லை. மதிலுக்கு வெளியே என்ன இருந்தாலும் அங்கே புல்லைப் போட்டுவிடுவது இந்த வழக்கங்களில் மிகப் பழையது, அதைச் செய்கிறவர்கள் ஒரு காரியம் செய்கிறோம் என்றுகூட நினைப்பதில்லை.

பில்டர் வெள்ளிங்கிரி பசுந்தளிர் வரைபடத்தைக் கொண்டுவந்து மேஜையில் விரித்தபோது மேற்கு மதிலுக்கு அந்தப் பக்கம் ஒன்றும் வரைந்திருக்கவில்லை, ‘பிறர் நிலம்’ என்று மட்டும் எழுதியிருந்தது.

“மேக்கால என்னங்க வருது?” என்று கேட்டாள் சாந்தாமணி, தெரிந்துகொண்டே.

“அங்க என்ன கெடக்குதுங்க, பழைய மில்லு லைன் ஊடுக. ஓட்டையும் ஒடசலுமா. அதைக் காட்டினா எவன் மேக்குப் பக்கம் வாங்குவான்? புல்லைப் போட்டு உடுங்க அம்மணி.”

அந்த ஓட்டை ஒடசலில் மூன்றாவது வீட்டில்தான் சாந்தாமணி பிறந்தாள், அந்த வீட்டு வாசலில்தான் அவளுடைய அக்கா மயிலாத்தாள் இப்போதும் தையல் மிஷின் போட்டு உட்கார்ந்திருந்தாள். அதை அவள் சொல்லியிருந்தால் வெள்ளிங்கிரி ஒன்றும் குறைவாக நினைத்திருக்க மாட்டார், அப்படீங்களா என்று இன்னொரு டீ சொல்லியிருப்பார், அவ்வளவுதான். ஆனாலும் அவள் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது. சரிங்க என்று சொல்லிவிட்டுப் புல்லைப் போட்டாள், வெறும் புல் செத்த மாதிரி இருக்கிறதே என்று நாலு மரம் வைத்தாள், அப்போதும் உயிர் வரவில்லை என்று கம்ப்யூட்டரில் இதற்கென்றே வைத்திருக்கிற ஆட்களிலிருந்து நாயைப் பிடித்துக்கொண்டு நடக்கிற ஒரு வெள்ளை பேண்ட்காரரையும், காதில் ஒயர் மாட்டிக்கொண்டு ஓடுகிற ஒரு வெள்ளைக்காரப் பெண்ணையும் எடுத்துப் புல்லின் மேல் விட்டாள்.

கட்டடம் எழும்பி, பெயின்ட் அடித்து, முதல் குடித்தனங்கள் பால் காய்ச்சி முடித்து பால்கனிக்கு வந்து பார்த்தபோது, கண்ணாடியில் காட்டின புல்வெளி அப்படியே இருந்தது, நாயும் இருந்தது, ஓடுகிற பெண்ணும் இருந்தாள். குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் வரதராஜ், வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர், எதையும் எளிதில் மெச்சாதவர், முதல் கூட்டத்தில் எழுந்து நின்று, “காட்டினது என்னமோ அதையே கொடுத்த பில்டரை என்ற ஆயுசுல இப்பத்தானுங்க பாக்கறேன்” என்று சொல்லி, வெள்ளிங்கிரிக்குச் சால்வை போட்டார். வெள்ளிங்கிரி சால்வையை வாங்கிக்கொண்டார்; மொட்டை மாடியில் நின்று ஒருதடவை மேற்கே பார்த்தார், பிறகு அந்தப் பக்கமே திரும்பவில்லை.

நாளாக ஆக அவரவர் பழகிக்கொண்டார்கள். நடைப்பயிற்சிக்காரர்கள் சிலர் புல்லில் நடக்கலாம் என்று ஷூ மாட்டிக்கொண்டு மதிலைச் சுற்றிப் போனார்கள், சோடாக்கடை முன்னால் போய் நின்றார்கள், வந்ததற்கு ஆளுக்கொரு பன்னீர் சோடா குடித்துவிட்டுத் திரும்பினார்கள். ஆறாம் மாடியிலிருந்து பறந்த துண்டு புல்லில் விழுந்து காணாமல் போனது, சாயங்காலம் சோடாக்கடை மாரக்கா அதை மடித்து வாட்ச்மேனிடம் கொடுத்தனுப்பினாள். ஆடி மாதம் புல்லிலிருந்து மாரியம்மன் பாட்டு விடிய விடியக் கேட்டது, கருவாடு வறுக்கிற வாசனை சில மதியங்களில் புல்லிலிருந்து எழுந்து பூஜை அறை வரை வந்தது, போலீசுக்குப் போன் போட்டவர்களால் யார்மேல் புகார் என்று சொல்ல முடியவில்லை, ஆள் இல்லாத புல்லின் மேல் எந்த ஸ்டேஷனிலும் மனு வாங்க மாட்டார்கள். கோடையில் ஊரே காய்ந்து கிடந்தபோதும் புல் பச்சையாக இருந்தது. பரீட்சைக்குப் படிக்காத பிள்ளைகளை பால்கனிக்குக் கூட்டிவந்து, கொட்டுகிற மழையில் நனையாமல் ஓடிக்கொண்டிருக்கிற அந்த வெள்ளைக்காரப் பெண்ணைக் காட்டி, பார், ஒரு நாளாவது உட்கார்ந்தாளா என்று தாய்மார்கள் திட்டினார்கள்.

சுவருக்கு அந்தப் பக்கம் லைன் வீதியும் பழகிக்கொண்டது. மேலேயிருந்து யார் கண்ணிலும் படுவதில்லை என்று தெரிந்த பிறகு பெண்கள் வாசல் திண்ணையில் கூந்தலை விரித்துப்போட்டுக் காலை நீட்டி உட்கார்ந்தார்கள், காயப்போட வெட்கப்படுகிறதையெல்லாம் நடுக்கொடியில் காயப்போட்டார்கள். இரண்டு பேர் யாரையும் கேட்காமல் ஓட்டைப் பிரித்து மேலே ஒரு அறை எழுப்பிக்கொண்டார்கள். பிள்ளைகள் பால்கனியில் நிற்கிற பெரிய மனிதர்களைப் பார்த்து அழகு காட்டினார்கள், பெரிய மனிதர்கள் புல்லைப் பார்த்துப் புன்னகைத்தார்கள்.

இந்த ஏற்பாட்டில் மனம் ஆறாதவள் சாந்தாமணி ஒருத்திதான். அவளுடைய புருஷன் திருமூர்த்தி, இன்சூரன்ஸ் கம்பெனிக்காரர், சாதுவான மனிதர், பசுந்தளிர் பாதி எழும்பியிருந்தபோதே ஐந்தாம் மாடியில் மேற்குப் பார்த்த வீட்டுக்குப் பணம் கட்டியிருந்தார். மேற்குதான் வேண்டும் என்று கேட்டவள் அவளே. பால்கனியில் நின்றால் நேர் எதிரில் அக்கா வாசல், காலையில் பல் துலக்கும்போது பார்க்கலாம், மாலையில் வந்து பார்க்கலாம், குழம்பு வைத்தால் வாங்கிட்டுப் போ என்று சத்தம் போடலாம். அப்பா அம்மா போன பிறகு ஊர் ஜாக்கெட்டையெல்லாம் தைத்து அவளைப் பாலிடெக்னிக்கில் சேர்த்துப் படிக்கவைத்த அக்கா, கல்யாணம் என்ற பேச்சை எடுத்தவர்களை மிஷின் சத்தத்தில் விரட்டிய அக்கா, கூடவே வந்து இரு என்றால், “அந்தரத்துல எனக்குத் தூக்கம் வராது கண்ணு” என்று சொல்லிவிட்டாள். சரி, பார்த்துக்கொண்டாவது இருக்கலாம் என்பதுதான் சாந்தாமணியின் கணக்கு.

பால் காய்ச்சுகிற அன்றைக்கு மயிலாத்தாள் புதுப்புடவை கட்டிக்கொண்டு வந்தாள், லிப்ட்டில் கண்ணை மூடிக்கொண்டாள், அறை அறையாகப் பார்த்துவிட்டு பால் டம்ளரோடு பால்கனிக்கு வந்து நின்றாள். கைப்பிடிச் சுவருக்கு மேலாக எட்டிப்பார்த்தாள்.

“என்ற ஊடு எங்க கண்ணு?”

“தெரியாதுக்கா. இங்கிருந்து யாருக்கும் தெரியாது.”

“இந்தப் புல்லு ஆரு போட்டது?”

“நாந்தான்.”

மயிலாத்தாள் ஒரு வாய் பால் குடித்தாள். “எப்படி எடுத்த? ஓடு ஓடா எடுத்தயா, ஒட்டுக்கா எடுத்தயா?”

“எடுக்கலைக்கா,” என்றாள் சாந்தாமணி. “வெக்கவே இல்ல.”

மயிலாத்தாள் மிச்சப் பாலையும் குடித்தாள், டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள், வந்திருந்தவர்களிடம் நல்லபடியாகச் சொல்லிக்கொண்டு இறங்கிப்போனாள், அதற்குப் பிறகு வரவில்லை. போன் செய்தால் எடுப்பாள், சாப்பிட்டயா, சரி, மிஷின்ல வேலை கெடக்குது, வெச்சர்றேன் என்பாள். சாந்தாமணியும் இறங்கிப்போய்ப் பார்க்கவில்லை. எந்த முகத்தோடு போவது என்று தெரியவில்லை. தினமும் பால்கனியில் நின்று, மூன்றாவது வீடு இருக்க வேண்டிய இடத்தில் புல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள், நாயைப் பிடித்த மனிதர் அதன் மேலே நடந்து போனார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய வேலையைத் திறந்து பார்க்கலாமே என்று தோன்றி, வீட்டில் வைத்திருந்த கம்ப்யூட்டரில் பசுந்தளிரை எடுத்து, ஓரத்து மரம் ஒன்றை இழுத்து நடுவில் வைத்தாள். சமையலறை ஜன்னல் வழியாக வெளியே பார்த்த திருமூர்த்தி, “சாந்தா, அந்த மரம் இங்கயா இருந்துச்சு?” என்று கேட்டார். அவளுக்கு ஆச்சரியம் வரவில்லை, நம்பிக்கைதான் வந்தது. மொத்தப் புல்லையும் அழித்தாள். புல்லுக்கு அடியில் வீதி இருக்கும் என்று நினைத்துவிட்டாள்; ஆனால் அவள் அங்கே எந்தக் காலத்திலும் வீதியை வைக்கவில்லையே. கம்ப்யூட்டர் திரையில் ஒன்றும் வரையாதபோது தெரிகிற அந்தச் சாம்பல் நிறம் மட்டும் பால்கனிகளுக்கு வெளியே தொடங்கி எங்கேயும் முடியாமல் கிடந்தது, நாய்க்காரரும் ஓடுகிற பெண்ணும் காலுக்கடியில் ஒன்றுமில்லாமல் அதில் நடந்தார்கள், ஓடினார்கள். மேல் மாடியில் யாருக்கோ தலை சுற்றியது. புல் அவள் கைவேலை என்று தெரிந்திருந்த வரதராஜ் செருப்புகூடப் போடாமல் மேலே ஓடி வந்து கதவைத் தட்டினார், அவள் அவசரமாகப் புல்லைத் திரும்பப் போட்டாள்.

அன்று மாலையே கூட்டம் கூடியது. மாற்ற முடியும் என்று தெரிந்ததும் ஆளாளுக்கு ஆசை வந்துவிட்டது. ஒருவர் ஏரி கேட்டார், ஒருவர் மலை கேட்டார், கடல் வேண்டும் என்றவரைப் பார்த்து உப்புக்காற்றில் கிரில் துருப்பிடிக்கும் என்று பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்குப் போனார். ஒரு முடிவுக்கும் வராமல் களைத்த நேரம் பார்த்து சாந்தாமணி எழுந்து, “இருக்கற வீதியவே வெச்சுடலாங்களா?” என்று கேட்டாள். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

“இருக்கறதப் பாக்கறதுக்கா அம்மணி லோன் போட்டு வாங்கினோம்?” என்றார் வரதராஜ், கோபமில்லாமல்.

மறுநாள் வாட்ச்மேன் மூலமாக லைன் வீதிக்கும் சங்கதி எட்டியது, மாரக்காவே நேரில் வந்து, சாந்தாமணியைக் கூப்பிட்டனுப்பிவிட்டு, கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டாள். “ஏம் புள்ள, எங்களைத் திருப்பி வெக்கப் போறயாமா? எங்க ஆளுக ஒருத்தரும் ஒத்துக்கல. உங்க கண்ணுல படாம இருக்கறது எத்தன சௌகரியம்னு மேல இருக்கற உனக்கெங்க தெரியப் போகுது. பேசாம உடு.” சொல்லிவிட்டு, யாரோ தவறவிட்ட இரண்டு குழந்தைச் சொக்காயை வாட்ச்மேன் மேஜையில் வைத்துவிட்டுப் போனாள்.

இரண்டு பக்கமும் வேண்டாம் என்ற பிறகு, ஊருக்கு வேண்டாமென்றால் போகட்டும், எனக்கு என் அக்கா வேண்டும் என்று சாந்தாமணி தீர்மானித்தாள். மற்ற வீடுகளை விட்டுவிட்டு மூன்றாவது வீட்டை மட்டும் கட்ட ஆரம்பித்தாள். தினமும் வேலை முடிந்த பிறகு உட்கார்ந்து, ஞாபகத்திலிருந்து எடுத்து எடுத்து, நாட்டு ஓட்டை ஒவ்வொன்றாக அடுக்கினாள், சுண்ணாம்பு உதிர்ந்த இடத்தில் உதிர்ந்த மாதிரியே வைத்தாள், வாசல்படியில் அக்கா தேய்த்துத் தேய்த்துப் பள்ளமான இடத்தைப் பள்ளமாக்கினாள். இவ்வளவு உண்மையாக அவள் எதையும் செய்ததில்லை. முடித்துப் புல்லின் நடுவில் ஒரு குத்துமதிப்பில் இறக்கி வைத்துவிட்டு, சங்கத்தின் சண்டைக்குத் தயாராகக் காத்திருந்தாள். சண்டை வரவில்லை. மேற்குப் பக்கத்து வீட்டுக்காரர்களெல்லாம் பால்கனியில் கூடி, அட, பண்ணை வீடு, எத்தனை அம்சமாக இருக்கிறது என்று போட்டோ எடுத்தார்கள், கிழக்குப் பக்கத்தில் வாங்கியவர்கள் வயிறெரிந்தார்கள், வரதராஜ் அவளுக்கும் ஒரு சால்வை போட்டார்.

சால்வையோடு அவள் பால்கனியில் நின்று பார்த்தாள். அந்த வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. காலையில் பார்த்தாள், சாத்தியிருந்தது, மத்தியானம் பார்த்தாள், சாத்தியிருந்தது. வாசலில் யாரும் வந்து உட்காரவில்லை. அவள் யாரையும் அங்கே வைக்கவில்லை. கம்ப்யூட்டரில் இருந்த ஆட்களைப் புரட்டிப் பார்த்தாள், காபிக் கோப்பையோடு சிரிக்கிறவர்கள் இருந்தார்கள், யோகா செய்கிறவர்கள் இருந்தார்கள், குழந்தை வண்டி தள்ளுகிறவர்கள் இருந்தார்கள், மூக்குக்கண்ணாடி நழுவ நழுவக் காஜா எடுக்கிற பெண்பிள்ளை ஒருத்தியும் இல்லை. அப்படியொருத்தியை உண்டாக்க ஒரே வழி, அக்காவை அசையாமல் நிற்கவைத்துச் சுற்றிச் சுற்றிப் போட்டோ எடுப்பதுதான். அதைச் சாக்காக வைத்துக்கொண்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சாந்தாமணி லிப்ட்டில் இறங்கி, மதிலைச் சுற்றி நடந்து லைன் வீதிக்குள் போனாள்.

மயிலாத்தாள் மிஷினில் இருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள், ஒரு ஆச்சரியமும் இல்லை. “வா. சுண்டல் இருக்குது, எடுத்துத் தின்னு.”

வீட்டைப் பார்த்த சாந்தாமணிக்கு என்னவோபோல் இருந்தது. கதவு இடம் மாறியிருந்தது, சுவருக்கு நீலம் அடித்திருந்தது, பள்ளப்படியை எடுத்துவிட்டு சிமென்ட் படி போட்டிருந்தது. எப்போது மாற்றினாய் என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் எத்தனை நாளாக வரவில்லை என்ற பேச்சு வரும். போனைக் கையில் எடுத்துக்கொண்டு, வந்த விஷயத்தைச் சொன்னாள்.

“நான் அசையாம நிக்கோணுமா?” என்றாள் மயிலாத்தாள்.

“சித்த நேரம்தான்க்கா.”

“அப்பறம்?”

“அப்பறம் நீ அங்க தெரிவ. நான் எப்ப வந்து பார்த்தாலும் நிப்ப.”

“மழை பேஞ்சாலும் நிப்பேனா?”

“நிப்ப.”

“அந்த ஓடற புள்ளையாட்டம்.” வாட்ச்மேன் இந்த வீதியில் எல்லாக் கதையும் சொல்லியிருந்தான். மயிலாத்தாள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். “இத பாரு கண்ணு, எனக்கு உன்ற மேல கோவம் இருந்துச்சு, இல்லைன்னு சொல்லல. புல்லு போட்டதுக்குக் கோவமில்ல, அது உன்ற பொழப்பு. புல்லைக் காட்டிட்டு நீ கெளம்பி வருவேன்னு பாத்தேன், வரல, அதுக்குத்தான். இன்னிக்கு என்னைய எடுத்துட்டுப் போயி அங்க நிக்க வெச்சுட்டீன்னா, அப்பறம் எதுக்கு நீ இங்க வரப் போற?”

சாந்தாமணி சிமென்ட் படியில் உட்கார்ந்தாள், அழுகை வந்தது, அழுதாள். மயிலாத்தாள் ஒரு ஜாக்கெட்டையும் கொக்கி டப்பாவையும் நகர்த்தி அவள் பக்கம் வைத்தாள், அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஊசியில் நூல் கோத்தாள். எதிரில் பசுந்தளிர் ரெசிடென்சி மாடி மாடியாக நின்றது. இங்கிருந்து பார்த்தால் ஒவ்வொரு பால்கனியும் சுத்தமாகத் தெரிந்தது, யார் துணி உலர்த்துகிறார்கள், யார் ஒளிந்து சிகரெட் பிடிக்கிறார்கள் என்பதுவரை தெரிந்தது, ஐந்தாம் மாடியில் அவளுடைய துளசித் தொட்டி தெரிந்தது.

“என்னைய இங்கிருந்து பார்த்திருக்கியாக்கா?”

“தெனமும் பாக்கறேன். போன வாரம் பூராத் தலைக்கு எண்ண வெக்காம நின்னுட்டிருந்த.”

போன் அடித்தது. திருமூர்த்தி. சாந்தாமணி காதில் வைத்தபடியே நிமிர்ந்து பார்த்தாள், அவர் பால்கனிக்கு வந்து காபி டம்ளரோடு நின்றுகொண்டிருந்தார்.

“எங்க இருக்க சாந்தா? இருட்டப் போகுது.”

“உங்களுக்கு எதுத்தாப்லதானுங்க. அக்கா ஊட்டு வாசல்ல.”

“அப்படியா,” என்றார் அவர், பண்ணை வீட்டைப் பார்த்துக்கொண்டு. “கதவு சாத்தியிருக்குதே.”

“அது இல்லீங்க. அதுல யாரும் இல்ல.”

அவர் கொஞ்சம் யோசித்தார், பிறகு டம்ளரைக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டு, அந்தச் சாத்தின வீட்டைப் பார்த்தே கையை ஆட்டினார். மயிலாத்தாள் கண்ணாடிக்கு மேலாக அதைப் பார்த்தாள்.

“எங்கியோ பாத்துக் கையாட்டறாரு உன்ற ஊட்டுக்காரரு. இன்னும் கொஞ்சம் சோத்தாங்கைப் பக்கம் திரும்பச் சொல்லு.”

சாந்தாமணி சொன்னாள். திருமூர்த்தி திரும்பினார், இன்னும் கொஞ்சம் என்றாள், இன்னும் கொஞ்சம் திரும்பினார், போதும் என்றாள். அங்கே அவர் முன்னால் ஒன்றுமில்லாத வெறும் புல் இருந்தது, அதன் மேல் அந்தப் பெண் ஓடிக்கொண்டிருந்தாள், அவர் புல்லைப் பார்த்துக் கையை ஆட்டினார். “இப்ப சரியா?” என்று போனில் கேட்டார்.

“இப்ப சரிங்க,” என்றாள் அவள். மயிலாத்தாள் மிஷின் சக்கரத்தை உள்ளங்கையால் பிடித்து நிறுத்திவிட்டு, அவர் பார்க்கமாட்டார் என்று தெரிந்தும், கையைத் தூக்கி அவருக்கு ஆட்டினாள்.